குன்னூரில் அக்காவின் இரைப்பைப் பரிசோதனை

நான் வசிக்கும் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில்தான் 1982-ஆம் ஆண்டு பாரி மார்ஷலும் ராபின் வாரனும் இரைப்பையில் வாழும் ஹெலிகோபாக்டர் பைலோரி என்னும் பாக்டீரியாவை வளர்த்தெடுத்தனர். 2005-இல் அதற்காக நோபல் பரிசும் பெற்றனர். ஆனால் அது உடலுக்குள் என்ன செய்கிறது என்பது எனக்கு விளங்கியது, சென்ற டிசம்பரில் கோத்தகிரிக்கு விடுமுறையில் வந்து, அக்காவைக் குன்னூரில் ஒரு தனியார் மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றபோதுதான்.

முதல் பயணம் வீணாயிற்று. தொலைபேசியில் முன்பதிவு செய்தபோது வெறும் வயிற்றில் வர வேண்டும் என்று மட்டும் சொன்னார்கள். விடியற்காலைக் குளிரில் பேருந்தைப் பிடித்துப் போய், டோக்கன் வாங்கிக் காத்திருந்த பின்னர்தான், அக்கா தினமும் போட்டுக்கொண்டிருந்த, அமிலம் குறைக்கும் பான்டோபிரசோல் மாத்திரையை 2 வாரங்களுக்கு முன்பே நிறுத்தியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் கிருமி இருந்தும் இல்லை என்று முடிவு வரக்கூடும் என்றார்கள். இதை முன்பதிவின்போதே சொல்லியிருக்கலாம். ஒரு மாத விடுப்பில் வந்தவனுக்கு 2 வாரம் சிறிய காலமன்று.

இரண்டாம் முறை குறையேதும் இல்லை. எண்டோஸ்கோபி வழியே எடுத்த துளித் திசுவை இட்டதும், மஞ்சளாக இருந்த சோதனைப் பொருள் சற்று நேரத்தில் இளஞ்சிவப்பாக மாறியது. கிருமியின் யூரியேஸ் நொதி யூரியாவை உடைத்து அம்மோனியாவை உண்டாக்குவதே காரணம் என்றும், அத்தனை அமிலத்துக்கு நடுவே அது பிழைத்திருப்பதும் அதனால்தான் என்றும் மருத்துவர் தமிழிலேயே விளக்கினார்.

"காரம் தின்னதாலயா டாக்டர் இப்படி ஆச்சு?" என்று அக்கா கேட்டதும் அவர் ஒரு தாளில் படம் வரைந்தார். சளிப்படலத்தைக் கடந்து வரும் கிருமி, இரைப்பைச் சுவரின் செல்லோடு ஒட்டிக்கொண்டு, ஊசி போன்ற ஓர் அமைப்பால் காக்-ஏ என்ற புரதத்தை உள்ளே செலுத்துகிறது. அவ்வழியே கிருமியின் செல்சுவர்த் துணுக்குகளும் நுழைய, நாட்-1 என்னும் உணர்வி அவற்றைக் கண்டுகொள்கிறது. உடனே என்எஃப்-கப்பா-பி என்ற புரதம் முடுக்கப்பட்டு, செல் இன்டர்லியூக்கின்-8 என்ற அழைப்பை வெளியிட, வெள்ளையணுக்கள் திரண்டு வருகின்றன. அவை வெளியிடும் நச்சுப்பொருள்களால் பெரும்பாலும் கிருமி ஒழிவதில்லை, நம் திசுதான் புண்படுகிறது. அந்த ஊசி எல்லா ரகத்துக்கும் கிடையாது. அது உள்ள ரகங்களால் அழற்சி கடுமையாகிறது. காரம் எரிச்சலைக் கூட்டலாமே தவிர, இந்த அழற்சிக்கு மூலம் அதுவன்று என்றார். அக்காவுக்கு அதில்தான் பெரிய நிம்மதி.

நுண்ணுயிர்க்கொல்லிகளோடு அமிலம் குறைக்கும் மாத்திரையும் சேர்த்து 14 நாள் மருந்து எழுதினார். அருகிலிருந்த மருந்துக்கடையில் 10 நாளுக்கே இருந்தது, மீதியைக் கோத்தகிரியில் வாங்கினோம். கிருமி ஒழிந்ததா என்று பார்க்கும் மூச்சுப் பரிசோதனையை மருந்து முடிந்து 4 வாரம் கழித்தே செய்ய வேண்டுமாம். அதற்குள் என் விடுப்பு முடிந்துவிடும் என்பதால், பான்டோபிரசோலை எந்தத் தேதியில் நிறுத்த வேண்டும் என்பதை அக்கா வீட்டு நாட்காட்டியில் வட்டமிட்டுவிட்டு வந்தேன்.