எடுத்தவர் பெயரோடு விற்கப்படும் படங்கள்: வண்ணாரப்பேட்டைக் கடை ஒன்றைப் பற்றி

பழைய வண்ணாரப்பேட்டையில், எம்.சி. சாலையின் துணிக்கடை நெரிசலிலிருந்து விலகிச் செல்லும் சந்து ஒன்றில், சாமி படங்களுக்கும் காலமானவர்களின் உருவப்படங்களுக்கும் கண்ணாடி போட்டுத் தரும் கடை ஒன்று நெடுங்காலமாக இயங்கிவருகிறது. அதன் மாடியை உரிமையாளரின் மகள் இப்போது பயணப் படங்களையும் இயற்கைப் படங்களையும் விற்கும் இடமாக மாற்றியிருக்கிறார். எந்த நிறுவனத்தின் சம்பளத்திலும் இல்லாமல், தாமாகவே ஊர் சுற்றிப் படமெடுக்கும் கலைஞர்களின் அச்சுப்படங்கள் மட்டுமே அங்கே வைக்கப்படுகின்றன. மயிலாப்பூரிலோ ஆழ்வார்பேட்டையிலோ இப்படியொரு கடை திறந்திருந்தால் யாரும் வியந்திருக்க மாட்டார்கள். வட சென்னையில் இது வந்திருப்பதும், வந்த பிறகு தாக்குப்பிடித்து நிற்பதும் கவனிக்க வேண்டிய செய்திதான். ஆயினும் அந்தக் காரணத்துக்காகக் கடைக்குச் சலுகை காட்ட வேண்டியதில்லை. கொடுக்கும் பணத்துக்கு என்ன கிடைக்கிறது என்பதைப் பார்த்தால் போதும்.

நம் பகுதியின் முடிதிருத்தும் கடைகளிலும் மருத்துவர்களின் காத்திருப்பு அறைகளிலும் பல ஆண்டுகளாக ஒரே காட்சிதான் தொங்கிக்கொண்டிருக்கிறது: பின்னால் பனிமலை, நடுவில் ஏரி, கரையில் மரவீடு, முன்னால் கைக்கு எட்டுவதுபோல் மஞ்சள் பூக்கள். அது எந்த நாடு, யார் எடுத்தது, எந்தப் பருவம் என்று யாரும் கேட்டதில்லை, ஏனென்றால் கேட்பதற்கு அந்தப் படத்தில் எதுவும் மிச்சம் வைக்கப்படவில்லை. இந்தக் கடையில் ஒவ்வொரு படத்தின் அருகிலும் ஒரு சிறு அட்டை இருக்கிறது. எடுத்தவர் பெயர், இடம், மாதம், ஆண்டு ஆகிய நான்கும் அதில் எழுதப்பட்டுள்ளன. சில அட்டைகளில் கலைஞரே இரண்டு வரி எழுதியிருக்கிறார். தனிக் கலைஞர்களின் இயற்கைப் படங்களுக்கு உள்ள ஈர்ப்பு பெரும்பாலும் அந்த அட்டையிலிருந்தே பிறக்கிறது என்று நான் நினைக்கிறேன். குறிப்பிட்ட ஒருவர் குறிப்பிட்ட ஓரிடத்தில் நின்று பார்த்தார் என்பது தெரிந்த உடனே, படத்தைப் பார்க்கிறவரும் அங்கே என்ன நடந்துகொண்டிருந்தது என்று யோசிக்கத் தொடங்குகிறார்.

பழவேற்காட்டுப் பூநாரைகளின் படம் ஒன்றை இதற்குச் சான்றாகச் சொல்லலாம். சென்னைக்கு வடக்கே சுமார் 60 கிலோமீட்டர் தொலைவில் உள்ள பழவேற்காடு, ஒடிசாவின் சிலிகா ஏரிக்கு அடுத்தபடியாக இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி. குளிர்காலத்தில் அங்கே பூநாரைகள் கூட்டமாக இறங்குவதால், விடுமுறை நாள்களில் கேமராக்களும் கூட்டமாகவே போய் இறங்குகின்றன. திரும்பி வருகிற படங்களில் பெரும்பாலானவை கணினியில் நிறம் ஏற்றப்பட்டு ரோஸ்மில்க் நிறத்தில் இருக்கும். உண்மையில் பெரும் பூநாரையின் உடல் வெளிறிய வெண்மையில் மெல்லிய இளஞ்சிவப்புக் கலந்தது. அடர்ந்த நிறம் இறக்கை விரியும்போதுதான் வெளியே தெரியும். அந்த நிறமும் அது தின்னும் பாசியிலும் சிற்றுயிர்களிலும் உள்ள நிறமிகளிலிருந்து சேர்வதுதான். இங்கே விற்கப்படும் படத்தில் பறவைகள் பறக்கவில்லை. சாம்பல் நிறச் சேற்றுநீரில் தலையைக் கவிழ்த்து, அலகைத் தலைகீழாக வைத்து நீரை அரித்துக்கொண்டிருக்கின்றன. தூரத்தில் ஒரு படகு தெரிகிறது, அதில் நிற்பவர் பறவைகளைப் பார்க்கவே இல்லை. அவருக்கு அது வேலை நாள். பூநாரைகளைப் பார்த்தே இராத ஒருவர்கூட இந்தப் படத்திலிருந்து அவை எப்படி இரை எடுக்கின்றன என்பதைத் தெரிந்துகொள்ள முடியும். நான் வாங்கிய முதல் படம் இதுதான். வீட்டில் இருப்பவர்களுக்கு முதலில் இது பிடிக்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

இப்படிப் பார்ப்பது நமக்குப் புதிதன்று. 1856இல் சென்னை மாகாண அரசு லின்னேயஸ் டிரைப் என்ற இராணுவ அதிகாரியைத் தன் படப்பிடிப்பாளராக நியமித்தது. மதுரை, தஞ்சாவூர், ஸ்ரீரங்கம் ஆகிய ஊர்களில் அவர் எடுத்த படங்கள் 1858இல் தொகுதிகளாக வெளிவந்தன. அவை நேர்த்தியானவை, ஆனால் எதைப் பார்க்க வேண்டும் என்பதை அரசு முடிவு செய்திருந்தது. எதைப் பார்ப்பது என்பதைத் தானே முடிவு செய்தவர் என்று சொல்ல வேண்டுமானால் எனக்கு நினைவுக்கு வருபவர் மா. கிருஷ்ணன் (1912–1996). எழுத்தாளர் அ. மாதவையாவின் மகனான இவர் சென்னையில் வாழ்ந்துகொண்டு, பல பாகங்களை இணைத்துத் தாமே அமைத்துக்கொண்ட கேமராவோடு காடுகளுக்குச் சென்று, கருப்பு வெள்ளையிலேயே யானைகளையும் மான்களையும் பறவைகளையும் பதிவு செய்தார். விலங்கு அழகாகத் தெரிய வேண்டும் என்பதைவிட அது என்ன செய்கிறது என்பது தெரிய வேண்டும் என்ற கவனம் அவருடைய படங்களில் உண்டு. மாடியில் தொங்கும் நல்ல படங்களில் அதே கவனத்தின் சாயல் இருக்கிறது. மோசமான படங்களில் அது துளியும் இல்லை.

மோசமானவை இருக்கின்றனவா என்றால், இருக்கின்றன. வால்பாறைத் தேயிலைச் சரிவு ஒன்றின் பச்சை, எந்தச் செடியிலும் காணக் கிடைக்காத பச்சை. கன்னியாகுமரிச் சூரிய உதயத்தில் வானம் முழுவதும் ஆரஞ்சுச் சாயம் கொட்டியதுபோல் இருக்கிறது. இவற்றைவிட எனக்கு உறுத்தலாக இருந்தது, கூட்டில் குஞ்சுகளுக்கு இரை ஊட்டும் தேன்சிட்டின் நெருக்கப் படம். கூட்டை மறைக்கும் இலைகள் விலக்கப்பட்டிருக்கின்றன என்பது படத்திலேயே தெரிகிறது. அப்படி விலக்கினால் வெயிலும் காகமும் குஞ்சுகளை எளிதில் அடையும். தாய்ப்பறவை கூட்டைக் கைவிட்டுப் போகவும் கூடும். பறவை ஆர்வலர்கள் கூட்டுப் படங்களைத் தவிர்க்கச் சொல்வது இதனால்தான். பெரிய கடைகள் இதைக் கவனிப்பதில்லை என்பது இந்தக் கடைக்குச் சமாதானமாகாது. கலைஞரின் பெயரையும் இடத்தையும் எழுதி விற்கும் கடைக்கு, அந்தப் படம் எப்படி எடுக்கப்பட்டது என்று கேட்கும் பொறுப்பும் சேர்ந்தே வருகிறது. இதைச் சொன்னபோது கடையை நடத்தும் பெண் மறுத்துப் பேசவில்லை. ஆனால் படம் இன்னும் சுவரில்தான் இருக்கிறது.

எண்ணூர்க் கழிமுகப் படங்களைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். கொசஸ்தலை ஆறு கடலில் கலக்கும் அந்த இடத்தை, அருகிலேயே வசிக்கும் இளைஞர் ஒருவர் ஆண்டுக்கணக்கில் எடுத்துவருகிறார். அனல்மின் நிலையப் புகைபோக்கிகளுக்குக் கீழே, கழுத்தளவுத் தண்ணீரில் அமர்ந்து அடிச்சேற்றைக் கையால் துழாவி இறால் பிடிப்பவர்கள். அவர்கள் பிடித்ததைப் போட்டுக்கொள்ளும் பை பல்லிடுக்கில் கடிக்கப்பட்டிருக்கிறது. இன்னொரு படத்தில் அலையாத்தி மரங்களின் அடித்தண்டுகளில் ஒரே உயரத்துக்குக் கருப்புப் பட்டை ஓடுகிறது. அட்டையில் 2023 டிசம்பர் என்று எழுதியிருப்பதைப் படித்ததும், மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு கழிமுகத்தில் புகுந்த எண்ணெய் எவ்வளவு உயரம் ஏறியது என்பதை அந்தப் பட்டை அளந்து காட்டுகிறது என்பது புரிந்துவிடும். 2017 ஜனவரியில் எண்ணூருக்கு அப்பால் இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கசிந்தபோது கடற்கரையில் அதை வாளியால் அள்ளிய காட்சிகளைப் பார்த்தவர்களுக்கு இந்தப் படத்துக்கு முன்னால் அதிக விளக்கம் தேவைப்படாது. மூன்றாவது படம் முற்றிலும் வேறு வகை: அதே நீரில், அதே புகைபோக்கிகளின் நிழல் விழும் இடத்தில், ஒரு செங்கால் நாரை அசையாமல் நிற்கிறது. இந்த மூன்றையும் ஒன்றாகப் பார்க்கும்போதுதான் இயற்கைப் படம் என்ற பெயருக்குள் எதையெல்லாம் சேர்க்கலாம் என்பது விளங்குகிறது. தொழிற்சாலைச் சுவரை வெட்டி எறிந்துவிட்டு நாரையை மட்டும் காட்டியிருந்தால், அது எந்த ஊர் நாரையாகவும் இருந்திருக்கும்.

வருத்தம் என்னவென்றால், இந்த வரிசை மாடிப்படிக்குப் பின்னால், கதவு திறந்தால் மறைந்துபோகும் சுவரில் மாட்டப்பட்டுள்ளது. வாங்க வருபவர்கள் மலையையும் அருவியையும்தான் கேட்கிறார்கள் என்பது அதற்குச் சொல்லப்படும் காரணம். எண்ணூர்ப் படத்தை வரவேற்பறையில் மாட்டத் தயங்குபவர்கள் இருப்பார்கள் என்பதை ஏற்கிறேன். ஆனால் திருவொற்றியூரிலிருந்தும் தண்டையார்பேட்டையிலிருந்தும் வருகிறவருக்குத் தன் வீட்டுக்கு அருகிலுள்ள நீர்நிலையின் படம் கண்ணில் படவே வாய்ப்பில்லாமல் செய்வது சரியான வணிகமாகவும் தெரியவில்லை.

அச்சின் தரம் பொதுவாக நன்று. இரண்டு வகைத் தாள்கள் கிடைக்கின்றன. ஒன்று, பிசின் பூச்சுக் கொண்ட வழக்கமான போட்டோத் தாள், இலேசான மினுமினுப்புடன். மற்றொன்று, சதுர மீட்டருக்கு 308 கிராம் (ஜி.எஸ்.எம்.) எடையுள்ள ஹானமியூலே ஃபோட்டோ ராக் என்ற பருத்தித் தாள். பருத்தித் தாளில் பளபளப்புக் கிடையாது, எனவே குழல்விளக்குக்கு எதிரே மாட்டினாலும் முகம் பிரதிபலிக்காது. மூடுபனி, சேறு, மேகம் போன்ற மென்மையான நிறங்கள் இதில் மிக நன்றாக அமைகின்றன. மழைக்காட்டின் அடர்பச்சைக்கும் ஆழ்கருப்புக்கும் மினுமினுப்புத் தாளே பொருத்தம் என்பது என் கருத்து. மையைப் பற்றி அவசியம் கேளுங்கள். கரையும் சாய மை முதலில் பளிச்சென்று இருந்தாலும் வெளிச்சத்தில் விரைவாக வெளுக்கும். நிறமித் துகள் மை பல மடங்கு நீடிக்கும். இங்கே பெரிய அளவுகள் எல்லாம் நிறமி மையில்தான் அச்சாகின்றன. ஆனால் அஞ்சலட்டை அளவிலான மலிவுப் படங்கள் அப்படியல்ல, அதைக் கேட்காமல் யாரும் சொல்வதில்லை.

அளவு விஷயத்தில் எச்சரிக்கை தேவை. பெரும்பாலான கேமராக்களின் படம் மூன்றுக்கு இரண்டு என்ற விகிதத்தில் இருக்கும். 12-க்கு 18 அங்குலத் தாள் அதற்குச் சரியாகப் பொருந்தும். அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற கணக்கில் அதற்குச் சுமார் 2 கோடி படப்புள்ளிகள் போதும், இன்றைய கேமராக்கள் அதை எளிதில் தருகின்றன. ஆனால் கீழ்த்தளத்தில் தயாராக இருக்கும் ஃப்ரேம்கள் ஏ3 அளவில்தான் அதிகம். ஏ3-க்கு மாற்றினால் படத்தின் நீளத்தில் ஏறத்தாழ 6 சதவீதம் வெட்டுப்பட்டுவிடும். என் நண்பர் ஒருவர் அவசரத்தில் அப்படி வாங்கியதில், காசிமேட்டுப் படம் ஒன்றில் இடதுபக்க விசைப்படகின் முன்மூக்கு காணாமல் போய்விட்டது. கலைஞர் எந்த விளிம்பில் நிறுத்தினாரோ அந்த விளிம்பும் சேர்ந்ததுதான் அவருடைய படம். ஃப்ரேமுக்காக அதை வெட்டக் கூடாது என்று கடையே மறுத்திருக்க வேண்டும்.

ஃப்ரேம் போடுவது கீழே இருக்கும் அப்பாவின் பொறுப்பு. மூலை இணைப்பில் அவர் கைக்கு ஈடு சொல்ல முடியாது. மரச்சட்டம் நான்கு மூலைகளிலும் மயிரிழை இடைவெளிகூட இல்லாமல் பொருந்துகிறது. ஆனால் சாமி படப் பழக்கத்தில் அவர் படத்தைக் கண்ணாடியோடு ஒட்டவைத்து அழுத்திவிடுவார். கடற்காற்றும் ஈரமும் மிகுந்த நம் பகுதியில் அப்படிச் செய்தால், சில மழைக்காலங்களில் தாள் கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளும், பூஞ்சையும் பிடிக்கும். "அண்ணே, உள்ளே மவுண்ட் வைச்சுப் போடுங்க, கண்ணாடி படத்துல படக் கூடாது" என்று சொன்னால், "அதுக்குத் தனியா முந்நூறு ஆகும், பரவாயில்லையா?" என்று கேட்டுவிட்டுச் செய்து தருகிறார். அந்த முந்நூறைத் தயங்காமல் கொடுக்கலாம். மவுண்ட் என்பது படத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவே வைக்கும் அட்டைச் சட்டம்; அதற்கு அமிலம் இல்லாத அட்டையைத்தான் பயன்படுத்தச் சொல்ல வேண்டும், இல்லையென்றால் ஓரங்கள் மஞ்சளாகும். சட்டத்தின் பின்பக்கக் கீழ் மூலைகளில் சிறு ரப்பர்க் குமிழ்கள் ஒட்டித் தருமாறு கேட்டுக்கொண்டால், சுவருக்கும் படத்துக்கும் நடுவே காற்று போய்வரும்.

விலை: ஏ4 அளவு 600 ரூபாய், 12-க்கு 18 அங்குலம் போட்டோத் தாளில் 1,800 ரூபாய், பருத்தித் தாளில் 3,500 ரூபாய். ஃப்ரேமுக்குத் தனிக் கட்டணம். பாதித் தொகை கலைஞருக்குப் போகிறது என்று கடையில் சொல்கிறார்கள். பருத்தித் தாள் படங்கள் 25 பிரதிகளுக்கு மேல் அச்சிடப்படுவதில்லை. கீழ் ஓரத்தில் பென்சிலால் வரிசை எண்ணும் கையெழுத்தும் இடப்படுகின்றன. இணையத்தில் இதைவிடக் குறைந்த விலைக்குப் பெரிய இயற்கைப் படங்கள் கிடைக்கும் என்பது உண்மை. அவற்றில் எடுத்தவர் பெயர் பெரும்பாலும் இருக்காது, எடுத்தவருக்குப் பணம் போனதா என்பதும் தெரியாது. படத்தை வாங்கியதால் பதிப்புரிமை நம்மிடம் வந்துவிடாது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். வாங்கிய படத்தை மாட்டலாம், பரிசளிக்கலாம்; அதை ஸ்கேன் செய்து தொழில் நாள்காட்டியில் அச்சிடக் கூடாது. நாள்காட்டிக்கு வேண்டுமென்றால் கலைஞரிடம் தனி அனுமதி வாங்கித் தரவும் கடை முன்வருகிறது, கட்டணம் நியாயமாகவே இருக்கும் என்கிறார்கள்.

வண்ணாரப்பேட்டை மெட்ரோவிலிருந்து நடந்தே போய்விடலாம். தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் எம்.சி. சாலையில் கண்ணாடிப் பொருளோடு நடப்பது ஆபத்து என்பதால் அப்போது மட்டும் தவிர்த்துவிடுங்கள். இருப்பில் இல்லாத படத்தைக் கேட்டால் ஒரு வாரத்துக்கு மேல் ஆகிறது. வாரநாள் பிற்பகலில் சென்றால் மாடியில் கூட்டம் இருக்காது. படங்களைச் சுவரிலிருந்து இறக்கி ஜன்னல் வெளிச்சத்தில் காட்டும்படி கேட்கலாம், அலுத்துக்கொள்ளாமல் காட்டுகிறார்கள். எண்ணூர் வரிசையைப் பார்க்க விரும்பினால் கதவைச் சாத்திவிட்டுப் பார்க்க வேண்டும்.