ஜகாத் கணக்குப் போடும் ஆப்களும் எக்செல் தாளும்: எதை நம்பலாம்?

ரமளான் நெருங்கினாலே, வசதியுள்ள முஸ்லிம்கள் ஆண்டுதோறும் கொடுக்க வேண்டிய கட்டாய தர்மமான ஜகாத்தைக் கணக்கிடும் கால்குலேட்டர் லிங்குகள் வாட்ஸ்அப் குழுக்களில் குவிந்துவிடும். இவை மூன்று வகை: செல்போன் ஆப்கள், நன்கொடை திரட்டும் நிறுவனங்களின் இணையப் பக்கங்கள், ஜமாஅத்தில் யாராவது தயாரித்துச் சுற்றுக்கு விடும் எக்செல் தாள். பெருக்கலில் மூன்றும் தவறுவதில்லை. நாற்பதில் ஒரு பங்கு என்பதை எந்த மென்பொருளும் சரியாகப் போட்டுவிடும். எந்தப் பொருளைச் சேர்ப்பது, என்ன விலை வைப்பது, எதைக் கழிப்பது என்ற இடத்தில்தான் கணக்கு புரளும். அங்கே பெரும்பாலான ஆப்கள் நம்மைக் கேட்காமலே ஒரு முடிவை எடுத்துவிடுகின்றன. எக்செல் தாளில் எல்லா வரிசையும் கண்ணுக்குத் தெரியும், திருத்தவும் முடியும். நம் வீடுகளுக்கு அதுவே மேல்.

முதலில் தங்கம். நம் வீடுகளில் ஜகாத்தின் பெரும்பகுதி நகையில்தான் இருக்கிறது. பல ஆப்களில் இதற்கு ஒரே கட்டம்தான்: எத்தனை கிராம்? பின்னால் 24 காரட் விலை ஓடிக்கொண்டிருக்கும், நாம் போடுவதோ 22 காரட் நகையின் எடை. கணக்குக்காக 24 காரட் கிராம் 9,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 20 பவுன் என்றால் 160 கிராம். ஆப் 14,40,000 ரூபாய் என்று மதிப்பிட்டு 36,000 ரூபாய் ஜகாத் காட்டும். 22 காரட்டுக்கு மாற்றினால் மதிப்பு 13,20,000, ஜகாத் 33,000. கல் வைத்த நகையானால் பில்லில் உள்ள நிகர எடையை மட்டும் எடுங்கள். செய்கூலி, சேதாரம், ஜிஎஸ்டி எதுவும் இதில் சேராது.

ஜகாத் கடமையாகக் குறைந்தபட்சம் இருக்க வேண்டிய அளவே நிஸாப். ஹனஃபி, ஷாஃபி என்பவை நான்கு மத்ஹபுகளில், அதாவது இஸ்லாமியச் சட்ட வழிகளில், இரண்டு. நிஸாபுக்குத் தங்கத்தில் 87.48 கிராம் என்பது நம் நாட்டு ஹனஃபி உலமாக்களின் (மார்க்க அறிஞர்களின்) கணக்கு. பவுனில் ஏறக்குறைய 11. சில ஆப்கள் 85 கிராம் என்று வைத்திருக்கும். சரியாக 11 பவுன் வைத்திருப்பவர் இங்கே கவனிக்க வேண்டும். நகையின் மொத்த எடை 88 கிராம். கலப்பில் தங்கமே மிகுதி என்பதால் ஹனஃபி மத்ஹபில் முழு எடையும் தங்கமாகவே கணக்கு, ஆகவே நிஸாப் நிறைந்துவிட்டது. சுத்தத் தங்கத்தை மட்டும் எண்ணும் ஷாஃபி மத்ஹபில் அதே நகை 80.67 கிராம்தான், 85ஐக்கூட எட்டவில்லை. அதோடு, பெண்கள் வழக்கத்துக்கு மீறாத அளவில் அணியும் நகைக்கு ஷாஃபி மத்ஹபில் ஜகாத்தே இல்லை. ஷாஃபி வழியில் நடக்கும் காயல்பட்டினத்துக் குடும்பத்துக்கும் ஹனஃபி வழியில் நடக்கும் வாணியம்பாடிக் குடும்பத்துக்கும் ஒரே விடை சொல்கிற ஆப் இருவரில் ஒருவருக்குத் தவறாகத்தான் சொல்லும். ஆப்பைத் திறந்ததும் மத்ஹப் கேட்கிறதா என்று பாருங்கள். கேட்காவிட்டால் மூடிவிடலாம். ஒருமுறை ஜகாத் கொடுத்த பொருளுக்கு மறுவருடம் தேவையில்லை என்று சொல்லும் தரப்பாரும் தமிழகத்தில் உண்டு. நான்கு மத்ஹபுகளின் நிலைப்பாடு ஆண்டுதோறும் கடமை என்பதே, இந்த மதிப்புரையும் அதை ஒட்டியதுதான்.

வெள்ளி நிஸாப் 612.36 கிராம். கிராம் 100 ரூபாய் என்று வைத்தால் 61,236 ரூபாய். மேலே சொன்ன தங்க விலைப்படி தங்க நிஸாபோ 7,87,320 ரூபாய். எதை அளவுகோலாக வைப்பது என்பதிலேயே ஒருவர் கொடுப்பவரா, வாங்கத் தகுதியுள்ளவரா என்பது மாறிவிடுகிறது. தங்கம் மட்டும் இருந்தால் தங்க நிஸாப், தங்கத்தோடு ரொக்கமோ வெள்ளியோ சேர்ந்தால் வெள்ளி நிஸாப் என்பது ஹனஃபி சட்டம். ஐந்து பவுனும் வங்கியில் சில ஆயிரமும் வைத்திருப்பவர் மீதும் அதனால்தான் கடமையாகிறது. ஏதோ ஒன்றைத் தானே தேர்ந்தெடுத்து, எது என்று சொல்லாமல் விடையை மட்டும் நீட்டும் பக்கங்கள்தான் எனக்கு மிகவும் வருத்தம் தருபவை. நிஸாப் எவ்வளவு என்பதை எண்ணாகக் காட்டாத கருவியை நம்பாதீர்கள்.

ஆண்டுக்கணக்கு ஹிஜ்ரி என்னும் சந்திர ஆண்டில், 354 அல்லது 355 நாள். ஆங்கில ஆண்டு அதைவிட நீளம். அதனால் மார்ச் 31ல் கணக்கு முடிக்கும் வியாபாரிகள் 2.5 சதவீதத்துக்குப் பதிலாக 2.577 போட வேண்டும். பத்து லட்சத்துக்கு 25,000 என்பது 25,770 ஆகும். இந்த மாற்று வசதி சில ஆப்களில் இருக்கிறது, பாராட்ட வேண்டியது. உங்கள் ஆண்டு ரஜபில் நிறைந்தால் ரமளான் வரை தள்ளிப் போடக் கூடாது, முன்கூட்டியே கொடுப்பதில் தடை இல்லை.

மிகப் பெரிய தவறு நடப்பது கடன் கட்டத்தில். வீட்டுக் கடன் பாக்கி 30 லட்சம் என்று முழுவதையும் போட்டால், நகையும் ரொக்கமும் எவ்வளவு இருந்தாலும் ஜகாத் பூஜ்யம் என்று வரும். அடுத்த ஓராண்டில் கட்ட வேண்டிய தவணையை மட்டும் கழிக்கச் சொல்வதே இன்றைய ஹனஃபி உலமாக்கள் பலரின் வழிகாட்டல். ஷாஃபி மத்ஹபின் வலுவான கருத்தில் கடன் ஜகாத்தைத் தடுப்பதே இல்லை. மறுபக்கம், ஏலச்சீட்டில் கட்டிவிட்டு இன்னும் எடுக்காத பணம் உங்களுக்கு வர வேண்டிய தொகை. ஆப்களில் இதற்கு இடமே இருக்காது, ‘வர வேண்டிய கடன்’ வரியில் சேருங்கள். வங்கிக் கணக்கில் ஏறிய வட்டியைப் பிரித்துத் தனியே வெளியேற்றிவிட வேண்டும், அதை ஜகாத்தாக நினைத்துக் கொடுக்கக் கூடாது. கடைக்காரர்கள் போட்ட முதலை எழுதாமல், அன்றைய தேதியில் உள்ள சரக்கை விற்பனை விலையில் எழுத வேண்டும். அலமாரி, தராசு, வண்டி சேராது. விற்பதற்காகவே வாங்கிய மனை முழு சந்தை விலையில் சேரும், குடியிருக்கும் வீடு சேராது.

எக்செல் தாளிலும் கவனம் தேவை. போன வருட விலை அப்படியே நிற்கும், முதலில் அந்தக் கட்டத்தை மாற்றுங்கள். நடுவில் வரிசை சேர்த்தால் கூட்டல் சூத்திரம் அதையும் எடுக்கிறதா என்று சோதியுங்கள். ஆயிரம் ரூபாய் போட்டு மொத்தம் ஆயிரம் ஏறுகிறதா என்று பார்த்தால் போதும்.

நன்கொடை நிறுவனங்களின் பக்கங்களில் விடை வந்ததும் பக்கத்திலேயே ‘இப்போதே செலுத்து’ பொத்தான் நிற்கும். அழுத்துமுன் மூன்று கேள்விகளை அனுப்புங்கள்: ஜகாத்துக்குத் தனி வங்கிக் கணக்கு உண்டா, வசூலானது எத்தனை நாளில் உரியவர் கைக்குப் போகிறது, நிர்வாகச் செலவு எதிலிருந்து எடுக்கப்படுகிறது? தவ்பா அத்தியாயத்தின் 60வது வசனம் சொல்லும் எட்டுப் பிரிவினருக்கே இந்தப் பணம் உரியது. தகுதியுள்ள ஒருவரின் கையில் உடைமையாகச் சேர்ந்தால்தான் ஹனஃபி மத்ஹபில் ஜகாத் நிறைவேறும். பள்ளிவாசல் கட்டவும் ஆம்புலன்ஸ் வாங்கவும் இதே பொத்தானில் பணம் கேட்டால் அங்கே ஸதகாவை (விருப்ப தர்மத்தை) மட்டும் கொடுங்கள். பெற்றோருக்கும் பிள்ளைகளுக்கும் ஜகாத் கொடுக்க முடியாது. வறுமையில் இருக்கும் உடன்பிறந்தவருக்குக் கொடுக்கலாம், அவருக்கே முன்னுரிமை. இதை எந்தக் கால்குலேட்டரும் விடைக்குக் கீழே எழுதி நான் பார்த்ததில்லை.