பிளிமத் நாட்ச்: பலசரக்குக் கடையும் எதிர்வீடும்

அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்து மலைகளுக்கு நடுவே உள்ள பிளிமத் நாட்ச் என்னும் சிற்றூருக்கு வருபவர்கள், அந்நாட்டின் 30ஆம் குடியரசுத் தலைவர் கால்வின் கூலிட்ஜ் பதவியேற்ற வீட்டையே முதலில் தேடுகிறார்கள். அதற்கு முன் எதிரிலுள்ள பலசரக்குக் கடைக்குள் நுழையுங்கள் என்பேன்.

கூலிட்ஜின் தந்தை ஜான் ஒரு காலத்தில் நடத்திய கடை அது. அதன் பின்புறத்தை ஒட்டிய சிறிய வீட்டில்தான் 1872 ஜூலை 4 அன்று கால்வின் பிறந்தார். அவருக்கு நான்கு வயதானபோது குடும்பம் சாலையைக் கடந்து எதிர்வீட்டுக்குக் குடிபெயர்ந்தது. 1924 கோடையில் அவர் தலைவராக ஊர் திரும்பியபோது, கடையின் மாடியில் ஊரார் நடனமாடிய கூடமே அவருடைய அலுவலகம் ஆனது. இன்று கீழ்த்தளத்தில் வெர்மான்ட் பொருள்களை விற்கிறார்கள். கடை வெறும் காட்சிப்பொருளாகிவிடாமல் கடையாகவே இருப்பது எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

எதிர்வீட்டின் சிறப்பு அதன் எளிமையே. 1923 ஆகஸ்ட் 2 அன்று சான் பிரான்சிஸ்கோவில் அப்போதைய குடியரசுத் தலைவர் ஹார்டிங் இறந்த செய்தி, தொலைபேசி இல்லாத இவ்வீட்டுக்கு அருகிலுள்ள பிரிட்ஜ்வாட்டர் ஊரிலிருந்து காரில் வந்து சேர்ந்தது. நள்ளிரவு கடந்து 2:47 மணிக்கு, மண்ணெண்ணெய் விளக்கொளியில், நோட்டரியாக இருந்த தந்தையே, அதுவரை குடியரசுத் துணைத் தலைவராக இருந்த மகனுக்குப் பதவிப் பிரமாணம் செய்துவைத்தார். அதன்பின் புதிய தலைவர் மீண்டும் படுக்கைக்குப் போய்விட்டார். குடும்பத்தின் சொந்தத் தட்டுமுட்டுச் சாமான்களோடு அப்படியே காக்கப்படும் அந்த அறையின் முன் நெடுநேரம் நின்றேன். ஒரு நாட்டின் ஆட்சி கைமாற இவ்வளவு சிறிய இடம் போதுமானதாக இருந்தது என்பதை, நேரில் பார்க்கும்வரை நான் முழுமையாக உணரவில்லை.

ஜான் கூலிட்ஜும் ஊர் விவசாயிகள் சிலரும் சேர்ந்து 1890இல் தொடங்கிய பாலாடைக்கட்டித் தொழிற்கூடமும் சில அடி தூரத்தில்தான் இருக்கிறது. அங்கே இன்றும் பாலாடைக்கட்டி செய்கிறார்கள். சற்றே புளிப்பும் உதிரும் தன்மையும் கொண்ட அதை அவசியம் வாங்குங்கள்.

வீடு மே மாத இறுதியிலிருந்து அக்டோபர் நடுப்பகுதி வரைதான் திறந்திருக்கும் என்பதால் அதற்கேற்பத் திட்டமிட வேண்டும். அரை நாளாவது ஒதுக்கி, கூலிட்ஜ் தம் முன்னோர்களுக்கு நடுவே புதைக்கப்பட்டிருக்கும் இடுகாட்டுக்கும் சென்று வாருங்கள். அவருடைய கல்லறைக் கல்லும் அக்கம்பக்கத்துக் கற்களைப் போலவே எளிமையானது.