கிளினிக் வாங்கில் இருபது நிமிடம்

யாழ்ப்பாணத்தில் நல்லூர்க் கோயில் தேருக்கு முதல் நாள் விடியற்காலை என் பெறாமகளுக்கு மறுபடியும் வலிப்பு வந்தது. பதினொரு மாதமாக வராமல் இருந்தது. நான் குசினியிலிருந்து ஓடி வருவதற்குள் பக்கத்து வீட்டு மாமி திறப்புக்கோர்வையை அவள் கைக்குள் திணித்துக்கொண்டிருந்தார். அக்கா கரண்டி தேடினார். நான் சிறுமியாக இருந்த காலத்திலும் இதே திறப்பு, இதே கரண்டிதான்.

வாய்க்குள் எதையும் வைக்கக்கூடாது, அமுக்கிப் பிடிக்கக்கூடாது, ஒருபக்கமாகச் சரித்துக் கிடத்தி மணிக்கூட்டைப் பார்க்கவேண்டும், ஐந்து நிமிடம் தாண்டினால் அம்புலன்ஸ். லண்டனில் வேலையிடத்தில் எங்களுக்கு இதைச் சொல்லித் தந்திருக்கிறார்கள். கத்திச் சொல்லி எல்லோரையும் விலக்கினேன். அம்புலன்ஸ் நம்பர் 1990க்கு அடிக்கப் போனைக் கையில் எடுத்தபடி இருந்தேன். இரண்டு நிமிடத்தில் நின்றுவிட்டது, ஆனால் என் கை நடுக்கம் மத்தியானம் வரை நிற்கவில்லை.

இரண்டு நாள் கழித்துக் கிளினிக். நாலரைக்கு எழும்பிப் போய் நம்பர் எடுக்கும் வழக்கம் நான் ஊரை விட்டுப் போன நாளிலிருந்து மாறவே இல்லை. காற்றாடி ஒன்று ஓடவில்லை, நிற்கவும் இடமில்லை. பத்தரை மணிக்கு டொக்டர் கிளினிக் கொப்பியைப் பார்த்து, அதே மருந்தை எழுதி, மூன்று நிமிடத்தில் அனுப்பிவிட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது, வெளியே அத்தனை பேர். ஆனாலும் எனக்குக் கோபம் பொங்கியது. பதினொரு மாதம் வராதது ஏன் வந்தது என்று யாரும் கேட்கவில்லையே!

கேட்டவர் பிரஷர் பார்க்கும் மேசையிலிருந்த தாதி. நாற்பது வயதிருக்கும். கொப்பியை வாங்கிப் பார்த்தவர், எங்களை ஓரத்து வாங்கில் இருத்தினார்.

"பிள்ளை, கோயில் விரதமோ?"

"ஓம் மிஸ்."

"அப்ப காலமைக் குளிசை?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். வெறும் வயிற்றில் குளிசை போட்டால் பிரட்டுகிறது என்று, விரத நாட்களில் காலைக் குளிசையை விட்டிருக்கிறாள். அக்காவுக்கே தெரியாது. தாதி ஏசவில்லை. "முருகன் கோவிக்கமாட்டார் பிள்ளை, ரெண்டு வாய் சாப்பிட்டுட்டுக் குளிசையைப் போடுங்கோ," என்றார். அப்புறம் என்னைப் பார்த்தார்.

"வெளிநாட்டில இருந்து வந்தனீங்களோ? இரவில எத்தனை மணிக்குப் படுக்கிறியள்?"

எனக்கு வாய் வரவில்லை. வந்த நாளிலிருந்து அவளை ஒரு மணி, ஒன்றரை வரை இருத்திவைத்துக் கதைத்தது நான்தான். நித்திரை குறைந்தால் வலிப்பு வரும் என்பது எனக்குத் தெரியாததா? தெரியும். அவளோடு கதைக்கும் ஆசையில் மறந்துவிட்டேன்.

அதன் பிறகும் கேட்டுக்கொண்டே போனார். கிணற்றடியில் தனியாகக் குளிக்கிறாளா, தண்ணீர் அள்ளுகிறாளா, குளியலறைக் கொண்டியைப் போடுகிறாளா, அடுப்படியில் தனியே நிற்கிறாளா, சைக்கிளில் மெயின் ரோட்டால் ரியூசன் போகிறாளா. லண்டனில் தருகிற துண்டுப் பிரசுரத்தில் குளியல் தொட்டியைப் பற்றி இருக்கும். கட்டுக் குறைந்த கிணற்றைப் பற்றி யார் எழுதுவார்கள்? இந்த மனுசி எங்கள் வளவுக்குள் வந்து பார்த்தவர்போலக் கேட்டார்.

அக்கா தயங்கித் தயங்கிக் கலியாணப் பேச்சை எடுத்தார். தாதி குரலைத் தாழ்த்தினார். பெறாமகள் போடுவது வல்புரோவேட். வயிற்றுப் பிள்ளைக்கு ஆபத்தான மருந்து அது, அதனால் கலியாணத்துக்கு முதலே டொக்டரிடம் கதைக்கவேண்டும், ஆனால் பயந்து தாங்களாக ஒரு குளிசையும் நிற்பாட்டக்கூடாது, சட்டென்று நிற்பாட்டினால் வலிப்பு கடுமையாக வரும் என்றார். மாப்பிள்ளை வீட்டுக்கு மறைக்கவேண்டாம் என்றும் சொன்னார். அக்கா அழுதுவிட்டார். பத்து வருடமாக அந்தப் பேச்சை வெளியில் யாரோடும் கதைத்ததில்லை.

கடைசியில் ஒரு பயிற்சிக் கொப்பியில் அடிமட்டம் வைத்துக் கோடு போட்டுத் தந்தார்: திகதி, நேரம், எத்தனை நிமிடம், முதல் நாள் நித்திரை, விட்ட குளிசை. அடுத்த முறை டொக்டருக்கு இதைக் காட்டினால் அந்த மூன்று நிமிடமே போதும் என்றார்.

லண்டனில் என்னோடு வேலை செய்யும் ஒருவரின் மகனுக்கு வலிப்புக்கென்றே ஒரு தாதி இருக்கிறார். அவருடைய நம்பர் கடிதத்தில் இருக்கும், போன் எடுத்துத் தகவல் விட்டால் திரும்ப எடுப்பார். அந்த நினைப்பில், உங்களை எப்படித் தொடர்புகொள்வது என்று கேட்டேன். "அடுத்த கிளினிக்குக்கு நான் இங்க நிப்பனோ தெரியாது அம்மா, வாட்டுக்குப் போட்டுடுவினம்," என்றார். அதைக் கேட்டதும் காலை நம்பருக்கு நின்றபோது வந்த கோபத்தைவிடப் பெரிய கோபம் வந்தது. இப்படிப்பட்ட ஒருவரைக் கையில் வைத்துக்கொண்டு, வலிப்புக்காரருக்கு நிரந்தரமாக ஒரு மேசையும் ஒரு தொலைபேசியும் அவருக்குக் கொடுக்க என்ன தடை?

திரும்பி வந்து ஆறு கிழமை. அக்கா கொப்பியை ஒழுங்காக எழுதுகிறார், ஒவ்வொரு ஞாயிறும் படமெடுத்து அனுப்புகிறார். நான் இப்போது யாழ்ப்பாண நேரம் இரவு ஒன்பதுக்குப் பிறகு போன் எடுப்பதில்லை.