விறகு அறுக்க எந்த மிஷின்: வீட்டு ரகமா, தொழில் ரகமா?

சீமைக் கருவேலம் மண்டிக் கிடக்கும் ராமநாதபுரம், சிவகங்கை, விருதுநகர் பக்கம் மரம் அறுக்கும் மிஷின் வாங்கப் போகிறவர் கடையில் முதலில் கேட்பது "எத்தனை சிசி?" என்றுதான். என்னைக் கேட்டால் அந்தக் கேள்வி இரண்டாவதாக வந்தால் போதும். ஒரு நாளில் எத்தனை மணி நேரம் அது ஓடப்போகிறது, ஓடும்போது யார் கையில் இருக்கப்போகிறது என்பதை முதலில் முடிவு செய்ய வேண்டும். வீட்டு ரகம், தொழில் ரகம் என்று கம்பெனிகள் பிரித்து வைத்திருப்பதே அதை வைத்துத்தான்.

ஒரே கம்பெனியில், ஒரே சிசியில் இரண்டு ரகத்தையும் அருகருகே வைத்துப் பார்ப்போம். ஸ்டில்லின் எம்எஸ் 271, எம்எஸ் 261 இரண்டுமே 50.2 சிசி. 271 தோட்டம், பண்ணை வைத்திருப்பவர்களுக்கானது, 2.6 கிலோவாட், பாரும் (செயின் சுற்றி ஓடும் நீளத் தகடு) செயினும் சேர்க்காமல் 5.6 கிலோ எடை. 261 மரம் வெட்டுவதையே தொழிலாகக் கொண்டவர்களுக்கானது. 3 கிலோவாட், எடை 4.9 கிலோதான். இன்னொரு கம்பெனியான ஹஸ்க்வர்னாவிலும் இதே நிலைதான்: வீட்டு ரகமான 450 ராஞ்சர் 2.4 கிலோவாட், கிட்டத்தட்ட அதே சிசியில் தொழில் ரகமான 550 எக்ஸ்பியின் முதல் மாடலே 2.8. இந்த மாடல்கள் எல்லா ஊர் டீலரிடமும் கிடைக்காது, ஓர் அளவுகோலாக வைத்துக்கொள்ளுங்கள். கூடுதல் காசு கொடுத்தால் பெரிய இன்ஜின் கிடைக்கும் என்றுதான் நினைப்போம். கிடைப்பது அதே அளவு இன்ஜின்தான், இழுவை கூடியிருக்கும், எடை குறைந்திருக்கும்.

காரணம் உள்ளே இருக்கிறது. தொழில் ரகத்தில் கிராங்க் கேஸ் (இன்ஜினின் அடிக்கூடு) மக்னீசிய வார்ப்பு, அதுவே மிஷினின் உடம்பு. சிலிண்டர் அதன்மேல் தனியாக உட்கார்ந்திருக்கும். நாலு போல்ட்டைக் கழற்றினால் கையோடு வந்துவிடும். வீட்டு ரகத்தில் பெரும்பாலும் சிலிண்டரையும் அடித்தட்டையும் பெட்டி போல மூடி, பிளாஸ்டிக் உடம்புக்குள் வைத்து முடுக்கியிருப்பார்கள். ஓடுவதற்கு இதனால் ஒரு குறையும் இல்லை. பிஸ்டன் ஜாம் ஆகி மாற்ற வேண்டிய நாளில்தான் முழு இன்ஜினையும் வெளியே எடுக்க வேண்டிவரும். அப்போது வேலைக்கூலியைக் கணக்குப் பார்த்தால் புதிதாக வாங்கிவிடலாமோ என்று தோன்றும். செயினுக்குப் போகும் ஆயிலும் அப்படித்தான்: எம்எஸ் 180 போன்ற சின்ன மிஷின்களில் அளவைக் கூட்டவோ குறைக்கவோ முடியாது, தொழில் ரகத்தில் அதற்கென்று ஒரு திருகு உண்டு.

சரி, விறகுக்கு இதெல்லாம் எவ்வளவு தூரம் தேவை? வீட்டு அடுப்புக்கும் வெந்நீருக்கும், வருஷத்துக்கு ஒன்றிரண்டு தடவை வேலியோரக் கருவேலத்தைக் கழிப்பதற்கும் என்றால் 31.8 சிசி எம்எஸ் 180 மாதிரியான மிஷினே போதும் என்று தயங்காமல் சொல்வேன். எடை நாலு கிலோ அளவுதான். கருவேலம் ஒரே தண்டாக வளராது. அடியிலிருந்தே நாலைந்தாகப் பிரிந்து, முள்ளும் கொப்பும் பின்னிக் கிடக்கும். குனிந்து, அந்தப் புதருக்குள் மிஷினை நுழைத்து, தரையை ஒட்டி அறுக்க வேண்டும். பெரும்பாலான தண்டுகள் ஓரடிக்கும் குறைவு. அங்கே பெரிய மிஷினால் லாபம் கிடையாது, முதுகுவலிதான் மிச்சம். பச்சையாக இருக்கும்போதே துண்டு போட்டுவிட வேண்டும். காய்ந்த கருவேலம் இரும்பாக இறுகிவிடும், சின்ன மிஷின் திணறும்.

இந்த இரண்டுக்கும் நடுவே மூன்றாவதாக ஒன்று சந்தையில் இருக்கிறது. 58 சிசி, 22 அங்குல பார் என்று எழுதி, வீட்டு ரகத்தையும் விடக் குறைந்த விலைக்கு விற்கும் பெயர் தெரியாத மிஷின்கள். சிசியைப் பார்த்து இதைத் தொழில் ரகம் என்று நினைத்துவிடக் கூடாது. சிசி என்பது இன்ஜினின் கொள்ளளவு மட்டும்தான், அதே அளவிலிருந்து எவ்வளவு சக்தி வருகிறது என்பது வேறு கணக்கு என்பதை மேலே பார்த்தோம். 22 அங்குலமும் விறகுக்குத் தேவையில்லை. 16 அங்குல பாரை வைத்து இரண்டு பக்கமிருந்தும் அறுத்தால் அதைவிடத் தடித்த கட்டையும் துண்டாகும். பார் நீளமாக நீளமாகப் பல்லும் கூடும், அரம் போடும் வேலையும் கூடும், முனை கண்ணுக்கு எட்டாமல் மண்ணிலோ பக்கத்துக் கொப்பிலோ போய் இடிக்கும். முனையின் மேல்பாதி எதிலாவது பட்டால் மிஷின் சட்டென்று முகத்தை நோக்கித் துள்ளும். வீட்டு ரக மிஷின்களோடு துள்ளலைக் குறைக்கும் செயின் வருவது இதற்காகத்தான். தொழில் ரகச் செயின் வேகமாக அறுக்கும், பழகாத கையை மன்னிக்காது.

தொழில் ரகத்துக்கு உண்மையிலேயே காசு கொடுக்க வேண்டிய இடம் அதிர்வு. நம் ஊரில் இதைப் பற்றி யாரும் பேசுவதில்லை என்பது எனக்குப் பெரிய வருத்தம். சின்ன வீட்டு மிஷின்களில் கைப்பிடிக்கு வரும் அதிர்வு ஏறத்தாழ 7 மீட்டர்/நொடி² என்ற அளவில் இருக்கும். ஸ்பிரிங் வைத்துத் தாங்கிய நல்ல தொழில் மிஷினில் ஏறத்தாழ 3.5. ஐரோப்பியத் தொழிலாளர் சட்டத்தில் 8 மணி நேரச் சராசரி 2.5ஐத் தாண்டினாலே முதலாளி பாதுகாப்பு நடவடிக்கை எடுக்க வேண்டும், 5ஐத் தாண்டவே கூடாது. அந்தக் கணக்குப்படி 7 அதிர்வுள்ள மிஷினை ஒரு மணி நேரம் ஓட்டினாலே முதல் எல்லை வந்துவிடும், நாலு மணி நேரத்தில் மேல் எல்லையும் வந்துவிடும். 3.5 உள்ள மிஷினில் முதல் எல்லைக்கே நாலு மணி நேரம் ஆகும். அதாவது அதிர்வு பாதியானால் பாதுகாப்பாக ஓட்டும் நேரம் நாலு மடங்காகிறது. வருஷக்கணக்கில் அதிர்வு ஏறிய விரல்கள் மரத்துப்போகும், குளிர் பட்டால் வெளுத்துப்போகும், சட்டைப் பொத்தான் போடுவதே சிரமமாகும். போன உணர்வு பெரும்பாலும் திரும்புவதில்லை.

வீட்டுக்காரர் ஞாயிற்றுக்கிழமை அரை மணி நேரம் ஓட்டுவதில் இந்தப் பயம் இல்லை. ஆனால் கரி மூட்டத்துக்கும் விறகுத் தொட்டிக்கும் டன் கணக்கில் அறுத்துக் கொடுக்கும் கூலிக்காரர் காலையில் பிடித்தால் பொழுது சாயும்வரை விடுவதில்லை. அவர் கையில் மலிவு மிஷினைக் கொடுப்பதை நான் சிக்கனம் என்று சொல்ல மாட்டேன். தினமும் இரண்டு மூன்று மணி நேரத்துக்கு மேல் ஓடப்போகிறது என்றால் 50 சிசி தொழில் ரகத்தையே வாங்குங்கள், கடன் வாங்கியாவது.

டெல்டா பக்கம் கணக்கு கொஞ்சம் மாறும். 2018 நவம்பரில் கஜா புயல் சாய்த்த தென்னைகளை அறுத்து ஒதுக்கியவர்களுக்குத் தெரியும், தென்னையின் வெளிச்சுற்று கருவேலத்துக்குச் சளைத்ததில்லை, செயின் பல்லைச் சீக்கிரம் மழுக்கிவிடும். ஒன்றிரண்டு மரமென்றால் 45 சிசி எம்எஸ் 250 சமாளிக்கும். தோப்பையே துண்டு போடுவதென்றால் 59 சிசி எம்எஸ் 362, 72 சிசி எம்எஸ் 382 போன்றவைதான் சரி. (பனை என்றால் மிஷினை எடுக்கும் முன்பே நிற்க வேண்டும். பனையை வெட்டக் கலெக்டர் அனுமதி வேண்டும் என்று 2021இல் தமிழக அரசு அறிவித்திருக்கிறது.)

பெட்ரோலையும் கவனிக்க வேண்டியிருக்கிறது. இப்போது பங்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. கையால் டியூன் செய்யும் கார்புரேட்டருக்கு 10 சதவீதத்துக்கு மேல் கூடாது என்று ஸ்டில்லின் கையேடு சொல்கிறது. எம்-ட்ரானிக் என்ற தானியங்கிக் கட்டுப்பாடு உள்ள மாடல்கள் 25 சதவீதம் வரை தாங்கும். அது பெரும்பாலும் தொழில் ரகத்தில்தான் வருகிறது. வீட்டு மிஷின்தான் மாதக்கணக்கில் மூலையில் கிடக்கும், எத்தனால் ஈரத்தை இழுக்கும், கார்புரேட்டருக்குள் இருக்கும் டயாபிரம் என்ற மெல்லிய சவ்வும் ரப்பர் குழாயும் கெடும். ஆக, எத்தனாலின் அடி அதிகம் விழுவது வீட்டு ரகத்தின் மேல்தான். வேலை முடிந்ததும் டேங்கைக் காலி செய்து, தானாக நிற்கும்வரை ஓட விடுங்கள். தோட்டத்துக்குக் கரண்ட் எட்டும் என்றால், வீட்டு விறகுக்கு எலெக்ட்ரிக் மிஷினே இந்தத் தொல்லை இல்லாத வழி.

எந்த ரகமானாலும் மண் பட்டால் செயின் போய்விடும். ஜேசிபி பிடுங்கிப் போட்ட கருவேலத் தூரில் அப்பியிருக்கும் மண்ணைத் தட்டாமல் வைத்தால், எவ்வளவு விலை கொடுத்த மிஷினும் சில நொடியில் மொட்டையாகும். செதில் செதிலாக விழ வேண்டிய மரம் மாவாக உதிர்ந்தால் பல் மழுங்கிவிட்டது என்று அர்த்தம். அழுத்தி அறுக்காதீர்கள், நிறுத்தி அரம் போடுங்கள். எம்எஸ் 180இல் வரும் சின்னச் செயினுக்கு 4 மில்லிமீட்டர் உருண்டை அரம், 325 செயினுக்கு 4.8, முழு அளவு 3/8க்கு 5.2 (325, 3/8 என்பவை செயின் கண்ணிகளின் இடைவெளியைக் குறிக்கும் அளவுகள்). கூர்மையான செயின் போட்ட 32 சிசி, மழுங்கிய செயின் போட்ட 60 சிசியைவிட வேகமாக அறுக்கும்.

வீட்டு ரகம் வாங்கி மிச்சம் பிடித்த காசில் முதலில் காதுக் கவசம் வாங்குங்கள், ஓட்டுபவர் காதில் விழும் சத்தம் 100 டெசிபலை ஒட்டி இருக்கும். அப்புறம் முகக் கவசம், முள் ஏறாத பூட்ஸ், செயினைச் சிக்க வைத்து நிறுத்தும் நார் வைத்த கால்சட்டை. செயின் நொடிக்கு 20 மீட்டர் வேகத்தில் ஓடுகிறது. லுங்கியோடும் ரப்பர் செருப்போடும் அதைப் பிடிக்கக் கூடாது, கூலிக்கு வருபவரையும் அப்படிப் பிடிக்க விடக் கூடாது.