பச்சிளங்குழந்தைப் பிரிவு, திருகோணமலை: கட்டாயம் சொல்லவேண்டியது

நிலாவெளியில் இருக்கும் தங்கச்சிக்கு மாதம் நிறையாமலே பிள்ளை பிறந்தது. திருகோணமலையில் நாங்கள் போன அரச ஆஸ்பத்திரியின் பச்சிளங்குழந்தைப் பிரிவுக்கு மனமார ஐந்து நட்சத்திரம் கொடுப்பேன்.

ஒரு நாள் பிள்ளையின் வயிறு திடீரென ஊதி, தோல் பளபளவென்று இறுகிப்போய், பச்சையாக வாந்தியும் வந்தது. தாதி மிஸ் கண்ட உடனேயே பாலை நிறுத்தி டொக்டரைக் கூப்பிட்டார். இடப்பக்கம் சரித்துப் படுக்கவைத்து எக்ஸ்ரே எடுத்தார்கள், அப்படிப் படுத்தால் குடலுக்கு வெளியே கசிந்த காற்று ஈரலுக்கு மேலே ஏறித் தெளிவாகத் தெரியுமாம். டொக்டர் படத்தைக் காட்டியே விளக்கினார்: குறைமாதப் பிள்ளைகளுக்கு வயிற்றுக்குள் இப்படிக் காற்று கசியப் பெரும்பாலும் குடல் அழற்சி முற்றி ஓட்டை விழுவதுதான் காரணம், சிலருக்கு அழற்சியே இல்லாமல் குடலோ இரைப்பையோ துளைபடும், வென்டிலேட்டரில் இருக்கும் பிள்ளைக்கு நுரையீரலிலிருந்தே காற்று இறங்கியிருக்கவும் கூடும், அதற்குச் சத்திரசிகிச்சை தேவைப்படாமலும் போகலாம். மூக்கு வழியே இரைப்பைக்குக் குழாய், சேலைன், அன்டிபயோட்டிக், அப்புறம் அம்புலன்சில் சத்திரசிகிச்சை நிபுணரிடம். நிறை மிகவும் குறைவு என்பதால் முதலில் வயிற்றில் வடிகுழாய் மட்டும் வைத்தார்கள். பிள்ளை இப்போது வீட்டில்.

குறை ஒன்றுதான். தாய்ப்பால் இந்த அழற்சி வரும் வாய்ப்பைக் குறைக்கும் என்று அவர்களே சொல்கிறார்கள், ஆனால் தாய்மார் இருந்து பால் எடுக்க ஒழுங்கான இடமில்லை. ஓர் அறை ஒதுக்குங்கள், தயவுசெய்து.