சுடாத செம்மண் கல்: பள்ளிக்கூடத்தில் எந்தச் சுவருக்கு ஆகும், எதற்கு ஆகாது

பழைய உயர்நிலைப் பள்ளியை இடித்துவிட்டு அதே வளாகத்தில் புதுக் கட்டடம் எழுப்பப் போகிறவர்கள், சூளைச் செங்கல்லுக்கு மாற்றாக முதலில் விசாரிப்பது அழுத்தச் செம்மண் கல்லைத்தான். மண்ணில் 5 சதவீதம் சிமெண்ட் கலந்து, அச்சில் அழுத்தி, 28 நாள் ஈரம் காயாமல் வைத்து எடுக்கிற கல் இது. தமிழ்நாட்டில் இதற்குப் பேர்போன இயந்திரம் ஆரோவில்லில் தயாராகும் ஆராம் 3000. கையால் இழுத்து அழுத்துவது, மின்சாரம் வேண்டாம். அச்சை மாற்றினால் பல அளவுகளில் கல் வரும். பள்ளிக்கு ஏற்றது 24×24×9 செ.மீ. கல்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். வகுப்பறைச் சுவருக்கு அருமையான பொருள். கழிப்பறைக்கும் கை கழுவும் இடத்துக்கும் வேண்டவே வேண்டாம். மனையில் மண் சரியில்லை என்றால் இந்தப் பேச்சையே எடுக்க வேண்டாம். வெளியூரிலிருந்து லாரியில் மண் அடித்துச் செய்தால் சிக்கனமும் போய்விடும், சுற்றுச்சூழல் லாபமும் போய்விடும்.

மண் பரிசோதனைக்கு ஆய்வகம் போவதற்கு முன் ஒரு கண்ணாடி பாட்டில் போதும். மேல் மண் ஓரடியை நீக்கிவிட்டு, அதற்குக் கீழே உள்ள மண்ணைப் பாட்டிலில் கால் பங்கு போட்டு, தண்ணீர் நிரப்பி, ஒரு சிட்டிகை உப்பிட்டுக் குலுக்கி ஒரு நாள் வையுங்கள். சரளையும் மணலும் உடனே அடியில் இறங்கும், அதன்மேல் வண்டல், கடைசியாகக் களி. சரளை 15, மணல் 50, வண்டல் 15, களி 20 சதவீதத்தை ஒட்டி வந்தால் கண்ணை மூடிக்கொண்டு இறங்கலாம். களி கொஞ்சம் கூடுதல் என்றால் மணல் சேர்த்துச் சரிசெய்யலாம். கரிசல் மண் காய்ந்தால் சுருங்கும், நனைந்தால் ஊதும். அந்தப் பக்கத்து ஊர்கள் வேறு கல் பார்ப்பதே நல்லது.

கணக்குக்கு வருவோம். 6×8 மீட்டர் வகுப்பறை, சுவர் உயரம் 3 மீட்டர். கதவு ஜன்னலைக் கழித்தால் ஏறக்குறைய 64 சதுர மீட்டர் சுவர். சதுர மீட்டருக்கு 40 கல், உடைசலையும் சேர்த்து 2,700 கல். ஒரு கல் சுமார் 10 கிலோ என்பதால் 50 கிலோ சிமெண்ட் மூட்டைக்கு 100 கல் வரும். ஆக ஒரு வகுப்பறைக்கு 27 மூட்டை. சலித்த மண் 8 யூனிட் (ஒரு யூனிட் 100 கன அடி), சலிப்பில் கழிவது போக 9 யூனிட் தோண்ட வேண்டியிருக்கும். பக்கத்துப் பக்கத்து அறைகள் சுவரைப் பகிர்வதால் பத்துப் பன்னிரண்டு அறை என்றால் கணக்கு கொஞ்சம் குறையும். தோண்டிய பள்ளத்தைத் தூர்க்காமல் மழைநீர்த் தொட்டியாக்குங்கள். பள்ளிக்கூட மொட்டை மாடித் தண்ணீர் அவ்வளவும் போய்ச் சேர இடம் வேண்டுமே.

தரம் கெடுவது பெரும்பாலும் அச்சுக்கு முன்னால்தான். மண்ணையும் சிமெண்டையும் முதலில் உலர்வாகவே கலக்க வேண்டும், பிறகே தண்ணீர் தெளிக்க வேண்டும். கலவை ஈரம் சரியா என்று பார்க்க ஒரு பிடி உருட்டி இடுப்பு உயரத்திலிருந்து தரையில் போடுங்கள். நாலைந்து துண்டாக உடைந்தால் பதம். அப்படியே சப்பையாக உட்கார்ந்தால் தண்ணீர் அதிகம், பொடிப்பொடியாகச் சிதறினால் குறைவு. ஒரு தடவைக்கு அரை மணி நேரத்துக்குள் தீர்கிற அளவுதான் கலக்க வேண்டும். சாப்பாட்டு நேரத்துக்கு முன் கலந்து வைத்துவிட்டுப் போய், திரும்பி வந்து தண்ணீர் தெளித்து மறுபடி புரட்டிப் போடுகிற கல், வெயிலில் பார்க்க நன்றாகத்தான் இருக்கும். நகத்தால் கீறினால் மாவாக உதிரும். மூலை உடைந்த கல்லாகவே வருகிறதென்றால் அச்சின் மூலைகளில் மண்ணை விரலால் அமுக்கி நிரப்பவில்லை என்று அர்த்தம்.

முதல் 2 நாள் பிளாஸ்டிக் விரிப்பால் மூடி வைக்க வேண்டும். பிறகு 26 நாள் தண்ணீர் தெளிக்க வேண்டும். இந்த 28 நாளில்தான் ஒப்பந்த வேலைகளில் ஏமாற்று நடக்கிறது. கல் அடுக்கின் ஒவ்வொரு வரிசையிலும் தயாரித்த தேதியைச் சுண்ணாம்பால் எழுதச் சொல்லுங்கள், தேதி இல்லாத அடுக்கை ஏற்காதீர்கள். ஆறேழு பேர் உள்ள குழு ஒரு நாளைக்கு 600, 700 கல் போட்டால், கியூரிங்கில், அதாவது ஈரம் காயாமல் பதப்படுத்துவதில், இருக்கும் கல்லை மட்டும் அடுக்கவே பெரிய இடம் தேவைப்படும். பழைய பள்ளி ஒரு பக்கம் நடந்துகொண்டிருக்க மறுபக்கம் கட்டுகிற வளாகத்தில் இது சாதாரணச் சிக்கல் அல்ல. விளையாட்டுத் திடலின் ஒரு மூலையை முன்கூட்டியே வேலி போட்டு ஒதுக்கிவிட வேண்டும்.

சரியாகச் செய்த கல்லின் வலு காய்ந்த நிலையில் நாட்டுச் செங்கல்லுக்குக் குறைவில்லை. நனைந்தால் ஏறத்தாழ பாதியாகிவிடும், இதுதான் இதன் குணம். அதனால் அடித்தளம் தரைக்கு மேல் ஒன்றரை அடியாவது கருங்கல்லிலோ காங்கிரீட்டிலோ எழும்ப வேண்டும். சன்ஷேட் இரண்டடிக்குக் குறையக்கூடாது. கட்டுவதற்கு 1:4 சிமெண்ட் சாந்து (ஒரு பங்கு சிமெண்டுக்கு நாலு பங்கு மணல்) கூடாது. சாந்து கல்லைவிட வலுத்துவிட்டால் விரிசல் இணைப்பில் விழாமல் கல்லில் விழும். சாந்திலும் மண் சேர வேண்டும், புதுக் கொத்தனார்கள் இதற்குத்தான் முரண்டு பிடிப்பார்கள். ஜன்னலின் அடி மட்டத்திலும் (சில்), கதவு ஜன்னலின் மேல் மட்டத்திலும் (லிண்டல்) சுற்றிலும் கம்பி கட்டிய காங்கிரீட் பட்டை ஓட வேண்டும். அதற்கான 'யூ' வடிவக் கல்லும் இதே இயந்திரத்தில் வருகிறது.

நிற்குமா என்று கேட்பவர்கள் ஆரோவில் போய்ப் பார்க்கலாம். அங்குள்ள பார்வையாளர் மையம் 1990 வாக்கில் இந்தக் கல்லால் எழும்பி, 1992இல் ஏழைகளுக்கான கட்டடக்கலைக்குத் தரும் ஹசன் ஃபாத்தி விருது வாங்கியது. விகாஸ் குடியிருப்பில் 4 தளக் கட்டடமே இதன் சுவர்கள் தாங்கி நிற்கிறது. ஆரோவில் மண் ஆய்வு நிறுவனத்தின் கணக்குப்படி, நாட்டுச் செங்கல்லை உண்டாக்க ஆகும் ஆற்றலில் பத்தில் ஒரு பங்குதான் இதற்குச் செலவாகிறது.

பள்ளி வளாகத்தில் ஊரும் பகிர்ந்துகொள்ளும் கூடத்துக்கு வந்தால் எங்கள் மதிப்பெண் இறங்குகிறது. மழை வெள்ளத்தில் நிவாரண முகாமாகவும், தேர்தலில் வாக்குச்சாவடியாகவும், மாலையில் நூலகமாகவும் இருக்கப்போகிற கட்டடம் அது. பத்து மீட்டர் அகலக் கூடத்தைத் தூண் பீம் போட்டுக் காங்கிரீட்டில் கட்டி, இடையை மட்டும் இந்தக் கல்லால் அடைப்பதே உசிதம். தண்ணீர் தேங்கும் தாழ்வான ஊரில் அந்த அடைப்புக்கும் வேறு கல் வையுங்கள். கூடமும் நூலகமும் தெருப் பக்கம், தனி வாசல், தனிக் கழிப்பறை, தனி மின்மீட்டர். வகுப்பறைப் பக்கத்தைப் பூட்டிவிட்டு மீதியை ஊருக்குத் திறந்துவிட முடிய வேண்டும். இல்லையென்றால் சாவி தலைமையாசிரியரிடம் முடங்கும், மின்கட்டணத் தகராறில் கூடமும் முடங்கும்.

பூச்சில்லாத சுவர் கண்ணுக்கு அழகு, மாணவர்கள் கைக்கு அவ்வளவு தாங்காது. பெஞ்சு முனையும் பையின் கொக்கியும் உரசுகிற நாலடி உயரம் வரை பூசிவிடுங்கள். ஆணி அடித்தால் கல் பெயரும். கரும்பலகை, அலமாரி, ஸ்விட்ச் போர்டு எங்கெங்கே என்று கட்டும்போதே முடிவுசெய்து அந்த இடங்களில் காங்கிரீட் கல் வைத்துவிட வேண்டும். சுவரைக் கட்டிய பிறகு ஒயரிங் பைப்புக்குக் காடி வெட்டுவதை எலக்ட்ரீஷியனுக்கு அனுமதிக்கவே கூடாது.

பழைய கட்டடத்தை இடித்த செங்கல்லை விற்றுவிடாதீர்கள். முழுக்கல்லைக் கழிப்பறைச் சுவருக்கு எடுத்துக்கொண்டு, உடைந்ததை ஜல்லியாக்கிச் சுண்ணாம்போடு மாடித் தளவரிசைக்குப் போட்டு மேலே தட்டோடு பதித்தால், மேல்மாடி வகுப்பில் மே மாத வெயில் நேராக இறங்காது. 2021 டிசம்பரில் திருநெல்வேலியில் பள்ளிக் கழிப்பறைச் சுவர் இடிந்து 3 மாணவர்கள் இறந்த பிறகு நிறையப் பழைய பள்ளிக் கட்டடங்கள் இடிக்கப்பட்டன. அந்தக் கல்லெல்லாம் பள்ளம் தூர்க்கப் போவது வீண்.

ஒப்பந்தப்புள்ளி கோரும்போது இரண்டு வரி கட்டாயம் இருக்கட்டும். ஒன்று, மண் கல்லுக்கான இந்தியத் தரமான ஐ.எஸ். 1725இன்படி கல்லை நனைத்த நிலையிலும் அழுத்த வலு பரிசோதிக்க வேண்டும். மற்றொன்று, முதல் கல் சுவரில் ஏறும் முன் 28 நாள் கியூரிங் முடிந்ததற்குப் பதிவேடு காட்ட வேண்டும். அந்த ஒரு மாதத்தைக் கால அட்டவணையில் அஸ்திவார வேலையோடு சேர்த்து ஓட்டிவிட்டால் தாமதம் என்ற பேச்சே வராது.